முதுகுப் பக்கம் சூரியன்

பிள்ளைகள் எல்லோரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆளுக்கொரு ஓட்டை போட்ட அட்டை. ஓட்டை வழியே புகுந்த வெளிச்சம் பள்ளிச் சுவரில் குட்டிக் குட்டிச் சூரியன்களாக விழுந்தது. ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒரு கடி.

கிரகணத்தன்று பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துக்கொள்ளப் பள்ளி கூப்பிட்டிருந்த கண் டாக்டர், அவர்களுக்குப் பின்னால் பள்ளி கேட் அருகே நின்றாள். அவள் கண் என்னவோ ஒரே ஒரு இரட்டைச் சடையின் மேல்தான் இருந்தது.

அவள் மகள். பக்கத்தில் அந்த டீச்சர்.

வீட்டில் எந்நேரமும் 'எங்க டீச்சர்' புராணம்தான். டீச்சர் சொன்னால் நகம் வெட்டுவாள், டீச்சர் சொன்னால் நேரத்துக்குத் தூங்குவாள். அம்மா சொன்னால் காதிலேயே விழாது. இன்று காலைகூட, ஷூ மாட்டிக்கொண்டிருந்தவளிடம் டாக்டர் கிரகணத்தைப் பற்றித் தொண்டை வற்ற எச்சரித்தாள். மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஓடிவிட்டாள்.

இங்கேயோ பெட்டிப் பாம்பாக நிற்கிறாள்.

டீச்சர் குனிந்து மகளின் அட்டையைச் சரிசெய்தாள். மகள் உரிமையோடு அவள் மேல் சாய்ந்துகொண்டாள்.

டாக்டருக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் இங்கே மரம் மாதிரி நிற்கிறாள்!

தன்னை மறந்து, 'பாப்பா' என்று கூப்பிட்டாள்.

சடை அசையவில்லை.

இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். வரிசையில் ஒரு பையன் திரும்பப் போனான். டீச்சர் பாய்ந்து அவன் கண்களைப் பொத்தினாள்.

அப்போதுதான் டாக்டருக்கு உறைத்தது. தன் தலைக்குப் பின்னால்தான் சூரியன் இருக்கிறது.

எல்லார் முன்னாலும் டீச்சர் என்ன சொல்லப் போகிறாளோ?

டீச்சர் தலை நிமிராமலே பிள்ளைகளிடம் சொன்னாள்.

"டாக்டர் நம்மள டெஸ்ட் பண்றாங்க. என் பேச்சைத் தட்டாம நின்னீங்கள்ல, எல்லாரும் பாஸ்!"

மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். அதில் வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது.

மகள் சுவரைப் பார்த்தபடியே பெருமையாக வாய் திறந்தாள்.

"இல்ல டீச்சர், எங்கம்மா காலையிலயே சொல்லிட்டாங்க. நானே வந்து கூப்பிட்டாலும் திரும்பாதேன்னு."

டீச்சரின் முகம் ஒரு நொடி வாடி, பிறகு சிரித்தது.

அது என்ன நோய் என்று டாக்டருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.