பொசுங்கல் வாடை

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை, தோல் வெட்டும் லேசர் ஆப்பரேட்டர் நான்காவது மாடியிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பினார்.

“வெட்டுறது மெஷினு, நாத்தம் மட்டும் உங்களுக்கா? சட்டையைக் கழட்டிக் குடுங்க” என்றாள் மனைவி.

“மூச்சுவிட நேரமில்ல. எல்லாம் கைப்பை ஆர்டர்.” அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் சட்டையை முகர்ந்தாள். “தோல் பொசுங்கினா முடி கருகுற வாடை வரும். இத்தனை வருஷமா துவைக்கிறேன், தெரியாதா? இது பிளாஸ்டிக் வாடை.”

“புதுச் சரக்கு.”

“உங்க பையில லைட்டரையும் பாதி கருகின பெல்ட்டையும் பார்த்தேன். வாடைக்காகக் கொளுத்துறவரு, அது நிஜத் தோலான்னு பார்க்க மாட்டீங்களா? ரெக்சினுங்க அது.”

அவர் தலை குனிந்தார்.

“எப்ப வேலை போச்சு?”

“போன மாசம். மெஷினையே வித்துட்டாங்க.”

அவள் சட்டையை ஊறப்போட்டாள்.

மறுநாள் காலையில் அவர் கிளம்பவில்லை.