பெட்டியின் மேல் ஒரு கை

தேவாலய முற்றத்து நட்சத்திரங்களை மாறி மாறி எரியவைக்கும் கன்ட்ரோலரை, ஜெபின் இந்த வருடம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். போன கிறிஸ்துமசுக்கு அதைத் தரையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தவனும் அவன்தான். மழைத் தண்ணீர் தேங்கியதைப் பார்த்து வாளியை நகர்த்தப் போன அவன் அண்ணன், கரண்ட் அடித்து அதன் மேலேயே விழுந்து செத்துப்போனான். அந்த அண்ணனின் மனைவி மெல்பா இப்போது பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“எர்த் குடுத்திருக்கியா?”

“குடுத்திருக்கேன் மைனி. வயரெல்லாம் அடிப்பக்கமாத்தான் உள்ள போவுது. தண்ணி ஏறாது.”

“பேங்க் லாக்கர் தோத்துரும் போல இருக்கே!” என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

ஜெபின் சுவிட்சைப் போட்டான். நட்சத்திரங்கள் எரிந்தன. சற்று நேரத்தில் தூறல் விழ, எல்லோரும் வாசல் கூரைக்குக் கீழே ஓடினார்கள். மெல்பா ஓடவில்லை. நனைந்த பெட்டியின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள்.

“மைனி, கைய எடுங்க!” ஜெபின் அலறிக்கொண்டு வந்தான்.

நட்சத்திரங்களின் வெளிச்சத்தில் அவள் புறங்கை சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பானது. மழை வலுத்தது.

“ஒண்ணும் செய்யல,” என்றாள், சோறு வெந்துவிட்டதைச் சொல்வதுபோல. பிறகு கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

“இப்ப நீ வை.”

ஜெபின் கையைச் சட்டையில் துடைத்தான். சட்டையும் நனைந்திருந்தது.