பச்சையில் ஒரு புள்ளி

“ஒரே ஒரு புள்ளிதாங்கம்மா. கொஞ்சம் மேல, பச்சையில வச்சிருங்க.”

மருத்துவிச்சி ஜெயமலருக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. பூனாகலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தின் தராசில் அடைக்கலத்தின் எட்டு மாதக் குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தரைக் கிலோ. வளர்ச்சிக் கார்டில் அது சிவப்பு, எடை போதாது.

“என்ன கதை இது, அடைக்கலம்? எல்லாரும் இலவசத் திரிபோஷா சத்துமா கிடைக்கட்டுமெண்டு குறைச்சு எழுதச் சொல்லுவினம். நீர் கூட்டி எழுதச் சொல்லுறீர்! போன மாசம் தந்த ரெண்டு பக்கற்றையும் எந்தக் கடையில மாத்தினீர்?”

“கடையில இல்லம்மா, ஆட்டுக்குக் கரைச்சு ஊத்தியிருப்பாரு. ஆட்டைப் பாருங்க, என்னா மினுமினுப்பு!” வரிசையில் நின்ற ஒருத்தி சொல்ல, மடுவமே சிரித்தது.

அடைக்கலம் சிரிக்கவில்லை.

“புள்ளைக்குத்தாங்க குடுக்கிறேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுற அவசரத்துல ஊட்டுறேன், பாதியத் துப்பிருது. அதோட அம்மா ஊட்டுனா திங்கும்.”

“அதைக் குவைத்துக்குப் போக முதல் உம்மட மனிசி யோசிச்சிருக்க வேணும்.”

சொன்ன பிறகுதான் ஜெயமலருக்கு நாக்கு சுட்டது. அவளுடைய மகன் நிருபன் யாழ்ப்பாணத்தில், தங்கையிடம். வேலைக்கென்று பதுளைக்கு வந்தாள். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டி இரண்டு வருஷம். எப்போதாவது கப்பலில் வரும் தங்கையின் கடிதம்தான் தெம்பு.

“அவதாங்க கார்டைக் கேக்குறா. ‘நல்லாருக்குன்னு எழுதுனா நம்பமாட்டேன், கார்டை அனுப்புங்க’ன்னு யாரையோ புடிச்சு எழுதியிருக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாதும்மா. பச்சை, செவப்புத் தெரியும். அங்க இன்னொருத்தர் புள்ளைக்குப் பால் கரைச்சுக் குடுக்கிறா. செவப்பைப் பார்த்தா அந்தக் கையி ஓடாதுங்க. நெனைச்சவுடனே வரவும் முடியாது.”

ஆட்டுக் கதை சொன்னவள் குழந்தையைத் தராசிலிருந்து இறக்கி அடைக்கலத்திடம் கொடுத்தாள்.

ஜெயமலர் புதுக் கார்டு ஒன்றை எடுத்தாள்.

“இது குவைத்துக்கு. சிவப்புப் புள்ளிக் கார்டு என்னட்டதான் இருக்கும், அதைப் பாத்துத்தான் திரிபோஷா மா தருவன். நாளையில இருந்து இங்க மடுவத்து ஆயம்மா அவசரப்படாம ஆறுதலா ஊட்டுவா. மூண்டு மாசத்தில இந்தப் பச்சையை உண்மையாக்க வேணும், விளங்கிச்சோ?”

“ரெண்டே மாசத்துல ஆக்கிருவேங்கம்மா.”

“மூண்டு. என்னோட பேரம் பேசாதையும்!”

பச்சைக்குள் புள்ளியை அழுத்தி வைத்தாள்.

கிளினிக் முடிந்தது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது கைப்பையைத் திறந்து, தங்கையின் கடிதங்களை ஒவ்வொன்றாக விரித்தாள். எல்லாவற்றிலும் அதே வரி. ‘நிருபன் நல்லாக் கொழுத்திட்டான் அக்கா, யோசிக்காதேங்கோ.’

பதினொரு கடிதம். பிள்ளை எத்தனை கிலோ என்று ஒன்றிலும் இல்லை.