தும்மிய பிணம்

“யோவ், பொணம் தும்மலாமாய்யா?”

டைரக்டர் தாண்டவராயன் ஒலிபெருக்கிக் குழலில் கத்தியதும் செட்டிகுளத்தின் கரையில் கூடியிருந்த ஜனம் கொல்லென்று சிரித்தது. குளத்தில் மிதந்த சின்னப் போர்க்கப்பலின் மேல்தட்டில் செத்துக் கிடந்த பச்சைமுத்து, எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

உதவி டைரக்டர் ராஜாராம் மேல்தட்டுக்கு ஓடினான். பிணத்துக்கு ஆள் பிடித்து வந்தவன் அவன்தான்.

உலக யுத்தத்தில் ரோந்து போன கப்பல் அது. சென்னைத் துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடந்ததைப் படக் கம்பெனி வாங்கி, புதுசாக்கி, கழற்றி லாரிகளில் ஏற்றிச் செஞ்சிக்குக் கொண்டுவந்திருந்தது. பின்னால் ராஜகிரிக் கோட்டை எதிரியின் தீவாகத் தெரியும். கதாநாயகன் மதிவாணன் பிணங்களைத் தாண்டி ஓடிவந்து, கப்பல் விளிம்பில் ஒரு கணம் நின்று, தண்ணீரில் குதிக்க வேண்டும். டூப் போடாமல் தானே குதிக்கப்போவதாகப் பத்திரிகைக்காரர்களிடம் வேறு சொல்லியிருந்தார்.

ராஜாராம் பச்சைமுத்துவிடம் குனிந்தான். “கொஞ்சம் ஒழுங்கா செத்துக் கிடய்யா. அடுத்த சீன்ல படகு ஓட்டறவன் நீதான். உன் மூஞ்சி திரை பூரா தெரியும். கெடுத்துக்காத.”

“தெரியும் சார். எம் பொஞ்சாதி மீனம்பா கரையிலதான் குந்தினு இருக்குது. மூணு ஊரு சனத்துக்கு சொல்லி வச்சிருக்குது.”

மறுபடி கேமரா ஓடியது. மதிவாணன் பாய்ந்து வந்தார். பச்சைமுத்துவின் தலைமாட்டில் நின்றார். கைகளை விரித்தார்.

பிணம் துள்ளி எழுந்து முதுகைச் சொறிந்தது.

“எறும்பு சார்!”

“கப்பல்ல ஏதுய்யா எறும்பு?” டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“ஏய் மீனம்பா, உம் புருசன் செத்தும் சும்மா இருக்க மாட்டானாடி?” என்று யாரோ கூவ, அவள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை. மதிவாணன் குதிக்கக் காலைத் தூக்கிவிட்டார். பிணம் ஒரு கண்ணைத் திறந்து, “சார், இன்னும் எவ்ளோ நேரம் சாவணும்?” என்றது.

கேமராக்காரரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் காட்சி ஆடிப்போயிற்று.

“இந்த ஆளு என் மூடையே கெடுத்துட்டான்! இனிமே என்னால குதிக்க முடியாது. டூப் போட்டுக்குங்க!” என்று சீறிவிட்டு, மதிவாணன் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “இங்க குதிக்கறவன் எவன்யா இருக்கான்?” என்று டைரக்டர் அலறினார்.

பிணம் கையைத் தூக்கியது.

வேறு வழியில்லை. கதாநாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்த பச்சைமுத்து, மீன்கொத்தி மாதிரி பாய்ந்தான். ஒரே டேக்! கரை முழுக்க விசில் பறந்தது. முதுகுப்பக்கம் மட்டும் தெரிந்ததால் படத்தில் அது மதிவாணன்தான்.

படகோட்டி வேஷம் மட்டும் போய்விட்டது. “அவனா? வசனத்துக்கு நடுவுல தும்மித் தொலைப்பான். வேற ஆளப் பாரு” என்றுவிட்டார் டைரக்டர்.

சொட்டச் சொட்ட நின்றவனை ராஜாராம் பிடித்துக்கொண்டான்.

“இவ்ளோ அழகா குதிக்கத் தெரிஞ்சவனுக்கு சும்மா படுத்துக் கிடக்கத் தெரியலையா? நீயே குதிக்கணும்னுதானே மூணு தடவையும் கெடுத்த? இப்போ மூஞ்சி போச்சா? வீட்டுல போய் இன்னான்னு சொல்லுவ?”

பச்சைமுத்து மதிவாணனின் நாற்காலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். மொத தும்மல் நெசந்தான். அப்புறம்… அவரு காலு என் காதாண்ட வெடவெடன்னு ஆடுச்சு. ‘முருகா, எனக்கு நீச்சல் தெரியாதுன்னு இத்தினி சனத்துக்கு முன்னால எப்படிச் சொல்லுவேன்’னு அழுவாத குறையா வேண்டிக்கினு இருந்தாரு.”