சிவப்பு, வெள்ளை

பெட்டியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

ஒரே ஒரு துளை. சின்னதாக, செவ்வகமாக.

"அது கம்ப்யூட்டருக்கு சார். யுஎஸ்பி," என்றான் கடைக்காரன் ரிஸ்வான்.

"கம்ப்யூட்டர்னா இவருக்கு ஜுரமே வந்துடும் தம்பி. வேற காட்டுங்க," என்றாள் மனைவி சுகந்தி.

வீட்டில் இருப்பது பழைய சிடி பிளேயர். ஹெட்போன் சொருக அதில் இடமில்லை. பின்னால் வலது காதுக்குச் சிவப்புத் துளை ஒன்று, இடது காதுக்கு வெள்ளைத் துளை ஒன்று, அவ்வளவுதான். அந்த இரண்டையும் வாங்கிக்கொள்ளும் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். மேசை ஓரத்தில் வைக்கிற அளவில். கையைக் கடிக்காத விலையில்.

இந்த ரிச்சி தெருக் கடைக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். கல்யாண நாள் பரிசாம்.

அவருக்கு வர மனமில்லை.

வலது காது போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காய்ச்சலோடு போயிற்று. டாக்டருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம்.

அவளுடைய அப்பாவுக்குக் காது கேட்காது. சோறு, மாத்திரை, வாசலில் யார், எல்லாவற்றையும் கத்திக் கத்தியே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், இந்த வீட்டில்தான் கத்தாத என் குரலை நானே கேட்கிறேன் என்று.

அவளுக்கென்று அவர் கொடுத்தது அது ஒன்றுதான். அதைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

ரிஸ்வான் இன்னொரு பெட்டியை இறக்கினான். முதுகில் சிவப்பு, வெள்ளை. விலையும் பரவாயில்லை.

"சின்ன டப்பான்னு பார்க்காதீங்க சார். கல்யாண மண்டபத்தையே தூக்கிடும்."

கடையின் பிளேயரில் வயரைச் சொருகினான். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினான்.

அவன் உதடு அசைந்தது. கேளுங்க சார்.

ஒன்றும் கேட்கவில்லை.

இடது காதிலும்.

பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. பாட்டு ஓடுகிறது.

இதுவும் போய்விட்டதா.

ரிஸ்வான் பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சிரித்தார். விளக்கைப் பார்த்து, அது துடிக்கிற வேகத்துக்குக் கடை மேசையின் கண்ணாடி மேல் விரலால் தாளம் போட்டார்.

"பிரமாதம்."

சுகந்தி அவர் விரலைப் பார்த்தாள். பிறகு குனிந்து பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

கையை நீட்டி ஹெட்போனின் இடது பக்கத்தை மட்டும் அவர் காதிலிருந்து விலக்கினாள்.

"வெள்ளை கழண்டு தொங்குது தம்பி. அதைச் சொருகுங்க. அவருக்கு அந்தக் காதுதான் கேக்கும்."

"சார் பிரமாதம்னாரே அக்கா!"

"நான் வைக்கிற ரசத்தையும் அப்படித்தான் சொல்றாரு."

ரிஸ்வான் சிரித்தான்.

அவர் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். விரல் இன்னும் அதன் மேலேயே இருந்தது.

"ரெண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதுல விழணும். அந்த மாதிரி இருக்கா?" கத்தரிக்காய் பிஞ்சா என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"மோனோ சுவிட்ச் வச்சது ஒண்ணு கெடக்குக்கா. இதை விடக் கம்மி விலை. யாருமே கேக்குறதில்ல."

மூன்றாவது பெட்டி. தூசி தட்டினான். சிவப்பைச் சொருகினான். வெள்ளையைச் சொருகி, இழுத்தும் பார்த்தான். சுவிட்சைத் தள்ளினான்.

பாட்டு வந்தது.

பல்லவி முடிந்தது. வயலின்கள் வந்தன.

வலப்பக்கத்து வயலின்கள். செல்போனில் இயர்போன் மாட்டிக் கேட்டுக் கேட்டு, அந்த இடத்தில் வெறும் தபலாதான் என்று பழகிப்போயிருந்தது. இடது காதுக்குள் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசித்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டார். கடையில் அழக் கூடாது.

வெளியே ஆட்டோ, ஹாரன், கூவி விற்பவர்கள். பையை மாற்றிப் பிடித்தார். சுகந்தி அவருக்குப் பின்னால் சுற்றி வந்து இடப்பக்கம் நடந்தாள்.

வரும்போது பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள்? சாப்பிடும்போது? போன தீபாவளிக்குப் பிறகு கட்டிலில் இடம் மாறிப் படுத்தாள். அங்கே ஃபேன் காற்று வரவில்லை என்றாளே.

அவள் ஏதோ சொன்னாள். ஒரு லாரி கடந்தது. பாதிதான் விழுந்தது.

வழக்கமாக இந்த இடத்தில் தலையாட்டிவிடுவார்.

"என்ன?" என்றார்.

இரைச்சலுக்கு நடுவே, அவர் இடது காதோரம் வந்து, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், அவள் திரும்பவும் சொன்னாள்.