விரியாத முள்

பாஸ் மீனுக்குப் போடுகிற தூண்டில் முள் வேண்டும், எவ்வளவு இழுத்தாலும் விரியக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவன் கடைக்குள் வந்தான்.

ஷர்மினி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த தூண்டில் நரம்புச் சுருள் நழுவித் தரையில் உருண்டது.

மகேந்திரன்.

லகாட் சாலையில் காடியால் அண்ணனை இடித்துக் கொன்றவன். பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் பாஸ் பிடித்துவிட்டு, மீன் பையை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தனேஷ் அண்ணனை.

நீதிமன்ற வராந்தாவில் அவனை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவன்தான் அவளைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்தான் தெரிந்திருக்கும்.

சாட்சி சொல்ல வேண்டியவன் வரவேயில்லை. தீபாவளிக்கு முன்னால் வழக்கு தள்ளுபடியானது.

அன்றிலிருந்து அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். தண்டனை ஏன் கிடைக்கவில்லை என்று அல்ல. "அவனுக்குத் தூக்கம் வருமா, பாப்பா?"

கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தூங்க மாட்டாள்.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தக் கேள்விக்கான பதில் காடிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தது.

கல்லாவில் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த கடை முதலாளி தவுக்கே, ஆளைக் கவனி என்று தாடையை ஆட்டினார்.

அவள் கவனித்தாள். மெல்லிய முள் ஒன்றைப் பலகையிலிருந்த ஆணியில் மாட்டிக் குறடால் இழுத்துக் காட்டினாள். அது வாயைப் பிளந்தது. அடுத்தது டக்கென்று ஒடிந்தது. பாஸ் மீன் கவ்வியதும் தண்ணீருக்கடியில் கிடக்கும் மரக்கட்டைகளுக்குள் பாயும். விரிந்தாலும் போச்சு, ஒடிந்தாலும் போச்சு என்பான் அண்ணன்.

பிறகு தடித்த கறுப்பு முள். இழுத்தபோது கொஞ்சம் இளகிக் கொடுத்தது. விட்டதும் பழைய வளைவுக்கே திரும்பியது.

அதுதான் வேண்டும் என்றான். ஒரு டப்பா முழுக்க. ஆனால் நுனிக்குப் பின்னால், மீனை நழுவ விடாமல் பிடித்துக்கொள்ள எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிற அந்தக் குட்டிப் பல்லைத் தேய்த்துத் தர வேண்டுமாம்.

பிடித்த மீனைக் குட்டையிலேயே திரும்ப விடுகிறவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். அவனும் அந்த ஜாதியா என்று கேட்டாள்.

அவன் சிரித்துவிட்டான்.

"மீனுக்கு இல்ல தங்கச்சி, எனக்குத்தான்லா. தைப்பூசத்துக்கு முதுகுல செடல் குத்துறேன். போன வருசம் கூட்டாளி ஒருத்தனுக்குப் பாதி வழியில கொக்கியெல்லாம் விரிஞ்சு போச்சு. பின்னால கயிறு பிடிச்சவன் பொத்துனு ரோட்டுல உக்காந்துட்டான்."

அவள் கையிலிருந்த முள்ளைப் பார்த்தாள்.

முதுகு முழுக்கக் கொக்கி. பின்னாலிருந்து ஒருவன் கயிற்றைப் பிடித்து இழுக்க, வெறுங்காலோடு வெயிலில் முன்னே போக வேண்டும். சும்மா யாராவது சதையை அப்படிக் கொடுப்பார்களா?

அப்படியென்றால் இவனுக்கும் தூக்கமில்லை.

அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு முள்ளாகத் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் பிசிறு இருந்தால் சதையைக் கிழித்துவிடும். விரலில் தடவிப் பார்த்தாள். போதவில்லை என்று மணிக்கட்டின் மெல்லிய தோலில் வைத்து இழுத்துப் பார்த்தாள். திருப்தி இல்லாததை மறுபடி தேய்த்தாள். சொந்தக்காரனுக்குச் செய்வது போலத்தான் செய்தாள்.

அம்மாவுக்குக் கொண்டுபோக ஒரே ஒரு வார்த்தை போதும். அதை அவன் வாயாலேயே கேட்டுவிட்டால் போதும்.

"என்ன வேண்டுதல்ணே?"

"பலிச்ச வேண்டுதல், தங்கச்சி. மூணு வருசமா ஒரு கேஸு இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. மோட்டர்ல வந்த ஒருத்தன் குறுக்க விழுந்து, என் காடி முன்பக்கம் மொத்தமும் போச்சு. நல்லபடியா முடிச்சுக் குடு, முதுகைக் குடுக்கிறேன்னு முருகன்கிட்ட சொன்னேன். முடிச்சுக் குடுத்துட்டான்."

அரம் நின்றது.

தேய்க்காத முட்கள் இன்னும் சில மீதி இருந்தன. அதில் ஒன்றைத் தேய்த்தவற்றுக்கு நடுவில் போட்டுவிட்டால் போதும். உள்ளே போகும்போது தெரியாது. வெளியே எடுக்கும்போதுதான் அந்தப் பல் யாரென்று காட்டும்.

அவன் பழைய காடியைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்திருப்பதைப் பற்றித் தவுக்கேயிடம் பேசப் போய்விட்டான். இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

ஷர்மினி அந்த முள்ளைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பிறகு தேய்த்தாள். மணிக்கட்டில் வைத்து இழுத்துப் பார்த்தாள். மற்றவற்றோடு போட்டுப் பொட்டலம் கட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஷர்மினி செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னாள். அவன் கடைக்கு வந்தான் என்றாள். தைப்பூசத்துக்கு முதுகில் செடல் குத்திக்கொள்ளப் போகிறான், அதற்குத்தான் முள் வாங்கினான் என்றாள்.

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவின் கை அண்ணனுடைய பழைய சட்டையின் மேல் அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக இறுகிக் கிடந்த முகம் ஷர்மினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகியது.

"அப்ப அவனும் தூங்கல," என்றாள் அம்மா. சட்டையை மடித்துக்கொண்டே, "நல்ல முள்ளா பார்த்துக் குடுத்தியா, பாப்பா? பாவம், பாதி வழியில விரிஞ்சிறப் போவுது."

"இழுத்துப் பார்த்துத்தாம்மா குடுத்தேன். விரியாது."