பிலிம் காயும் வரை

“அக்கா, வெளிச்சமே புகாத ரூம் ஒண்ணு வேணும். பிலிம் கழுவணும்.”

மேகமலை தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் கேமராப் பையோடு நின்றான் விஷால். எந்த ஊருக்குப் போனாலும், எடுத்த படத்தை அன்றைக்கே கழுவிப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. மற்ற வீட்டுக்காரர்கள் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். இந்த ஒரு வீடுதான் திறந்திருந்தது.

“எங்க வீட்டுல ஏது சார் வெளிச்சம்? இருக்கதே ஒரு ரூமுதான். கொஞ்சம் பொறுங்க” என்று உள்ளே போன அக்கம்மாள், சற்று நேரம் கழித்துப் பின்கதவைச் சாத்திவிட்டு அவனை அழைத்தாள்.

அரை மணி நேரத்தில், கழுவிய பிலிமைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு வெளியே வந்தான்.

“காய ரெண்டு மணி நேரம் ஆகும்க்கா. தூசி பட்டா எல்லாம் பாழ். அதுவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. அடுப்பும் பத்த வைக்காதீங்க, புகை படியும்.”

“கஞ்சி வைக்கணுமே சார்...”

“ரெண்டு மணி நேரம்தானே!”

அவள் கதவைச் சாத்தினாள்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. பொழுது போகாமல் லைனைச் சுற்றி நடந்த விஷால், வீட்டின் பின்பக்கம் கோணியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய ஒருவரைக் கண்டதும் கேமராவை எடுத்தான். பத்துப் படம். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“கண்காட்சிக்கு இதுதான்க்கா மெயின் படம். தலைப்புகூட வெச்சுட்டேன், ‘வீடில்லாதவர்’. பாவம், யாருக்கா அவரு?”

அக்கம்மாள் சாத்திய கதவையே பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரரு சார். நாலு நாளாக் காய்ச்சல், உள்ளதான் படுத்திருந்தாக. பிலிம் காஞ்சிருச்சுன்னா சொல்லுங்க, கூட்டியாந்து படுக்க வைக்கணும்.”